கறி தட்டப் பட்டறைச் சுத்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கீழே வரும் நிகழ்வில் சம்பந்தப்பட்ட இருவரும் இதை எழுதச் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன். யாருக்கும் உடம்பு கெடவில்லை. ஆனாலும் இதைப் பதிவு செய்கிறேன். கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்தது போலத் தோன்றிய ஒரு வேலை எந்தெந்த இடத்தில் கைவிட்டது என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

பின்னணி

ஒரே வளாகத்தில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு தொழில் செய்கிறார்கள். முன்பக்கம் தங்கையின் சமையலறை. ஆர்டர் வாங்கிச் சமைத்துக் கொடுக்கிறார். பின்பக்கம் அண்ணனின் மரப்பட்டறை. நடுவில் ஒரு கதவுதான். ஏணி, திருப்புளி, கத்தரிக்கோல் என்று பொருட்கள் அந்தக் கதவு வழியாகப் போவதும் வருவதும் வழக்கம்.

தங்கையிடம் கறி தட்டுவதற்கென்று ஒரு சுத்தி இருந்தது. வார்ப்பு அலுமினியத்தில் செய்தது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பல். ஒரு வியாழக்கிழமை வேலையின் நடுவில் அதன் கழுத்து முறிந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு விருந்துக்கு 36 துண்டு எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியைத் தட்டையாக்கிப் பொரித்துக் கொடுக்க வேண்டும். புதுச் சுத்தி வாங்கிவர நேரமில்லை என்று நினைத்தார்.

நெஞ்சுக்கறியை ஏன் தட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். அப்படியே போட்டால், தடித்த பக்கம் வேகும்போது மெலிந்த பக்கம் காய்ந்து நாராகிவிடும். வெப்பம் உள்ளே போக ஆகும் நேரம் ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசிக்குக் குறையும். அதனால் 3 சென்டிமீட்டரை 1 சென்டிமீட்டராக்குவது பெரிய வித்தியாசம். தங்கைக்கு இது நன்றாகவே தெரியும். தட்டாமல் விடுவது அவருக்கு ஒரு வழியாகவே தோன்றவில்லை.

வியாழன் முதல் சனி வரை

வியாழன் மாலை அண்ணனின் பட்டறையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் சுத்தியை எடுத்து வந்தார். தலை மட்டும் சுமார் 700 கிராம் இருக்கும். மரக் கைப்பிடி. பாத்திர சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, கறியை ஒரு ஜிப் பைக்குள் வைத்து மேலே தட்டினார். பத்துத் துண்டு. வீட்டாருக்கே பொரித்துக் கொடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. சுத்தியைத் தண்ணீரில் அலசிப் பட்டறை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணன் அதே சுத்தியால் ஒரு மேசை இழுப்பறையின் மூட்டுகளைத் தட்டிப் பொருத்தினார். சமையலறைக்குப் போய்வந்த விஷயம் அவருக்குத் தெரியாது.

சனி காலை சுத்தி மறுபடி சமையலறைக்கு வந்தது. மறுபடி சோப்பு, மறுபடி ஜிப் பை. பதினான்காவது துண்டை வெளியே எடுத்தபோது, வெளுத்த கறியின் மேல் பென்சிலால் கிழித்தது போல ஒரு சாம்பல் கோடு இருந்தது. விரலால் தேய்த்தார். போகவில்லை, பரவியது. அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. அவசரத்தில் இருக்கிற பலர் அந்தக் கோட்டைச் சீவி எறிந்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போயிருப்பார்கள்.

“அக்கா, மேலே இருக்கிற கறையை மட்டும் வெட்டி எடுத்துட்டா போதுமா?” என்று கேட்டார். எதையும் தூக்கி எறியவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம், தட்டாத கறியைக் குளிர்பெட்டியில் வையுங்கள், நான் வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் அங்கே இருந்தேன்.

பார்த்தவை

முதலில் பையைப் பார்த்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் முழுசாக இருந்தது. தொட்டியின் மேல் பிடித்துத் தண்ணீர் நிரப்பினேன். மூன்று இடத்தில் ஊசி நுனி போலப் பீச்சியது. நான்காவது இடத்தில், பிறை வடிவில் நகக்கண் அளவு கிழிசல். சுத்தியின் தலை வட்டமானது. விளிம்பு சாய்ந்து விழுந்த இடத்தில் அதே வளைவில் பை கிழிந்திருந்தது.

ஏன் விளிம்பு பட்டது? ரப்பர் எம்பும் என்பதுதான் காரணம். மூட்டைத் தட்டும்போது மரத்தில் தழும்பு விழாமல் இருக்கவே தச்சர்கள் ரப்பர் சுத்தி வைத்திருக்கிறார்கள். அடியின் ஒரு பகுதியை ரப்பர் வாங்கித் திருப்பி அனுப்பிவிடுகிறது. கறிக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அடி கறிக்குள் இறங்கி, நார் தளர்ந்து, பக்கவாட்டில் விரிய வேண்டும். உலோகச் சுத்தியில் ஆறேழு தட்டில் முடிகிற துண்டுக்கு இதில் இருபதுக்கு மேல் ஆனதாகத் தங்கை சொன்னார். கை களைத்ததும் சுத்தி நேராக விழுவதில்லை. விளிம்பு இறங்குகிறது, பை கிழிகிறது. பையை நம்பித்தான் முழு ஏற்பாடும் நின்றது. அந்தப் பையைக் கிழித்ததோ சுத்தியின் குணமே.

அடுத்து சுத்தி. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடிபட்டு அடிபட்டு முகம் குழி விழுந்து கிடந்தது. குழிகளுக்குள் ஏதோ மினுங்கியது. ஒரு காந்தத்தை மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி முகத்தின் மேல் மெதுவாக ஓட்டினேன். தாளில் மீசை மயிர் போலச் சாம்பல் நிறத்தில் இரும்புத்தூள் ஒட்டியது. அப்போதும் மினுங்கல் முழுசாகப் போகவில்லை. மஞ்சளாக இரண்டு மூன்று புள்ளி நின்றது. அண்ணனைக் கேட்டோம். “பித்தளைக் கீல் தட்டினதும் இதே சுத்திதான்” என்றார். பித்தளை காந்தத்துக்கு வராது. இழைத்துக் கடைவதற்கு வாகாக இருக்க, பித்தளையில் பல சமயம் கொஞ்சம் ஈயம் சேர்ப்பார்கள்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. ஈரத்துணியால் சுத்தியின் முகத்தைத் தேய்த்தேன், லேசான சாம்பல் வந்தது. சமையல் எண்ணெய் தொட்ட துணியால் பக்கத்திலேயே தேய்த்தேன், நல்ல கறுப்பாக வந்தது. தங்கையின் முகம் மாறியது அப்போதுதான். கறுப்பு ரப்பரில் ரப்பர் மட்டும் இருப்பதில்லை. கந்தகம், துத்தநாக ஆக்சைடு, புகைக்கரி போன்ற கார்பன் கருப்பு, பதப்படுத்தும் எண்ணெய், வெயிலில் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனங்கள் எல்லாம் கலந்திருக்கும். இவற்றில் கொழுப்பில் கரைபவையும் உண்டு. தண்ணீரில் கழுவும்போது நகராத கறை, கறியின் கொழுப்பில் நகரும். சோப்புப் போட்டுக் கழுவியதால் சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கைக்கு அந்த இரண்டு துணிகளே பதில்.

எல்லா ரப்பரும் உணவுக்கு ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. உணவைத் தொடும் ரப்பருக்கென்று அமெரிக்காவில் 21 சிஎஃப்ஆர் 177.2600 என்ற தனி விதி இருக்கிறது. எந்தெந்தப் பொருளைச் சேர்க்கலாம், தண்ணீரிலும் எண்ணெய் போன்ற கரைப்பானிலும் எவ்வளவு கசியலாம் என்பதை அது வரையறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1935/2004 ஒழுங்குமுறையும் உணவைத் தொடும் பொருள் எதுவும் உடம்புக்குத் தீங்கு தரும் அளவில் உணவுக்குள் இறங்கக் கூடாது என்கிறது. கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னத்தை அந்த ஒழுங்குமுறையிலும் காணலாம். பட்டறைச் சுத்தியை இப்படிப்பட்ட விதிகளை வைத்து யாரும் செய்வதில்லை. செய்ய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

கடைசியாகக் கைப்பிடி. மரக் கைப்பிடி ரப்பர் தலைக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தது. ஒரு பல்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தேன். ஈரமாக, பழுப்பும் இளஞ்சிவப்புமாக ஒரு பிசுக்கு வந்தது. நாற்றமும் வந்தது. அது அன்றைய கறிச்சாறு மட்டுமல்ல, வியாழக்கிழமைச் சாறும் அதில் இருந்தது. அண்ணன் அப்போதுதான், “நேத்தே ஏதோ வாடை அடிச்சுது. எலி செத்துக் கிடக்குன்னு நினைச்சு பெஞ்சுக்கு அடியில தேடினேன்” என்றார்.

எனக்கு உறைத்தது அந்தச் சொல்தான். அதுவரை பட்டறை அழுக்கு சமையலறைக்கு வந்ததைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து பச்சைக் கோழிச்சாறு பட்டறைக்குப் போய் இரண்டு நாள் அங்கே இருந்திருக்கிறது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற நோய்க்கிருமிகள் இருக்கலாம் என்பது சமையலறைக்காரர்களுக்குத் தெரியும், கை கழுவுவார்கள். பட்டறையில் யாரும் சுத்தியைத் தொட்டதற்காகக் கை கழுவுவதில்லை. வெள்ளிக்கிழமை மூட்டு தட்டிய கையைத் துணியில் துடைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டதாக அண்ணன் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தட்டிய 14 துண்டையும் எறிவது என்று முடிவு செய்தோம். தங்கைக்கு இதில் மனசு வரவில்லை. முதல் ஐந்தாறு துண்டில் கறை எதுவும் இல்லையே என்றார். நியாயமான கேள்விதான். பை எந்தத் துண்டின்போது கிழிந்தது என்று சொல்ல வழியில்லை. ஊசித்துளை வழியாக வந்த உலோகத்தூள் கண்ணுக்குத் தெரியும் கோடு போடாது. நன்றாகப் பொரித்துவிட்டால் சரியாகிவிடாதா என்றும் கேட்டார். கோழியின் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கிருமி சாகும். இரும்புத்தூளும் ரப்பர் எண்ணெயும் எந்த வெப்பத்திலும் கறியை விட்டுப் போகாது. மீதி 22 துண்டு குளிர்பெட்டியில் 4 டிகிரிக்குக் கீழே, சுத்தி படாமல் இருந்தது. அதை வைத்துக்கொண்டோம். எறிந்த கணக்குக்குப் புதிதாகக் கறி வந்தது.

தட்டிய இடத்தையும் சுத்தம் செய்தோம். கிழிந்த பையிலிருந்து சாறு தெறித்திருக்கும் அல்லவா? பலகை, மேடை, பக்கத்துச் சுவர், அருகில் திறந்திருந்த உப்புக் கிண்ணம் வரை பார்த்தோம். உப்பை எறிந்தோம். மற்றவற்றை முதலில் சோப்பால் கழுவி, பிறகு 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத ப்ளீச் கலந்து துடைத்தோம். இந்த வரிசை மாறக் கூடாது. கறிச்சாறும் கொழுப்பும் மேலே இருந்தால் ப்ளீச்சின் குளோரின் அவற்றிலேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது.

சரி, ஆர்டரை எப்படி முடிப்பது? மாற்றுச் சுத்திக்கு அண்ணன் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, உளி அடிக்கும் மரக் கொட்டாப்புளி. எடுத்துப் பார்த்தோம். முகத்தில் காய்ந்த மரப்பசை, ஓரத்தில் வார்னிஷ், உடம்பெல்லாம் கொதித்த ஆளிவிதை எண்ணெய் பூசியது. கொதித்தது என்று பெயர் இருந்தாலும், கடையில் வரும் அந்த எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காகப் பெரும்பாலும் உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். வேண்டாம் என்றேன். இரண்டாவது, எம்பாத பிளாஸ்டிக் சுத்தி. தலை உள்ளீடற்றது, உள்ளே இரும்புக் குண்டுகள் நிறைந்திருக்கும். அடித்ததும் குண்டுகள் முன்னே ஓடி எம்பலைத் தடுக்கும். கறி தட்டும் வேலைக்கு அது ரப்பரைவிட நன்றாகவே பொருந்தும், அண்ணன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது பழசு. தலையின் இணைப்புக் கோட்டில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அது திறந்தால் உள்ளே இருக்கும் குண்டு முழுக்கக் கறியில்தான் கொட்டும்.

கடைசியில் பட்டறைக்கே போகாமல் வேலை முடிந்தது. ஒவ்வொரு துண்டையும் பக்கவாட்டில் கத்தியால் கீறிப் புத்தகம் போலத் திறந்தோம். அதிலேயே தடிமன் பாதியானது. மீதிக்கு, அடி கனமான ஒரு சின்ன எஃகு வாணலி போதும். தடித்த பிளாஸ்டிக் தாள் இரண்டுக்கு நடுவே கறியை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அடிப்பதற்குப் பதில் அழுத்தித் தள்ளுவது போல ஐந்தாறு தட்டு. வாணலியின் அடி அகலமானது, கறியைவிடப் பெரியது. விளிம்பு இறங்க வாய்ப்பே இல்லை. ஐந்து துண்டுக்கு ஒருமுறை தாளை மாற்றினோம். 36 துண்டும் முடிந்தது. விருந்து நடத்துபவரிடம் தங்கையே பேசி ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று சொன்னார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

பட்டறையைச் சுத்தம் செய்தது தனிக் கதை. அண்ணன் பெஞ்சைத் துடைத்தார், துடைத்த துணியை எறிந்தார். வெள்ளிக்கிழமை பொருத்திய இழுப்பறை வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது, அதையும் வெளியே எடுத்துத் துடைத்தார். சுத்தியின் கைப்பிடியைக் கழற்றித் தலைக்குள் இருந்த துளையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுக் கைப்பிடி போட்டார். அந்தச் சுத்தி இனி மரத்துக்கு மட்டும்.

பிறகு நடந்தது

வியாழக்கிழமைக் கறியைச் சாப்பிட்டவர்களையும் அண்ணனையும் ஒரு வாரம் கவனிக்கச் சொன்னேன். சால்மொனெல்லா தொற்றினால் 6 மணி நேரம் முதல் 6 நாளுக்குள், கேம்பிலோபாக்டர் என்றால் பொதுவாக 2 முதல் 5 நாளுக்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தெரியும். யாருக்கும் எதுவும் வரவில்லை. வியாழக்கிழமைப் பையில் ஓட்டை இருந்ததா என்பதற்கு இந்த நலம் சாட்சியாகாது. அந்தப் பை அன்றே குப்பைக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் அண்ணன் தங்கைக்கென்றே ஒரு கொட்டாப்புளி செய்து கொடுத்தார். நெருக்கமான இழையுள்ள மேப்பிள் மரத்தில், தலையும் கைப்பிடியும் ஒரே கட்டையாக, இணைப்பே இல்லாமல் கடைந்தது. வார்னிஷ் கிடையாது. உணவுத்தர மினரல் ஆயில் மட்டும். அந்த இணைப்பில்லாத வடிவத்தைப் பார்த்தபோது, பல்குச்சியில் வந்த பிசுக்கை அவர் மறக்கவில்லை என்று புரிந்தது. எனக்கு எஃகுதான் விருப்பம், அதைச் சொன்னேன். தங்கை, “அண்ணன் கையால செஞ்சது அக்கா, இருக்கட்டும்” என்றார். பயன்படுத்தியதும் கழுவி நிமிர்த்திக் காயவைக்க வேண்டும், ஊறவிடக் கூடாது, விரிசல் கண்ட அன்றே ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பேசி ஒப்புக்கொண்டோம்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் இரவு உதவியாளர் ஒருவர் தொட்டித் தண்ணீரிலேயே அதை விட்டுவிட்டார். மறுநாள் காய்ந்ததும் முகத்தில், இழையோட்டத்தின் வழியே, நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வெடிப்பு. ஊறிய மரம் உப்பும், காயும்போது வெளிப்புறம் முதலில் சுருங்கும், உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். அந்த இழுவையில்தான் வெடிக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். தங்கைதான் வேண்டாம் என்றார். பேசியபடி அன்றே எடுத்துவிட்டார். இப்போது அடி தட்டையான, கைப்பிடி நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரே வார்ப்பு எஃகுத் தட்டு ஒன்றைப் பயன்படுத்துகிறார்.

மறுபடி நடந்தால் எதை மாற்றுவேன்

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். போனில் பேசும்போதே, இந்தச் சுத்தி முன்னால் எங்கே இருந்தது, பயன்படுத்திய பிறகு எங்கே போனது என்று இரண்டையும் கேட்டிருக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் கேட்டேன். அண்ணன் தற்செயலாக வாடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பட்டறைப் பக்கம் திரும்பியே இருக்க மாட்டேன். இப்போது பயிற்சி வகுப்பில் கடன் வாங்கிய கருவி என்று வந்தாலே இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துத்தான் சொல்லித் தருகிறேன்.

பையைப் பற்றிய என் எண்ணமும் மாறியது. தெறிக்காமல் தடுக்கப் பை நல்லது, அதற்கு மட்டும். கறிக்கும் அழுக்கான கருவிக்கும் நடுவில் அதைச் சுவராக நம்பக் கூடாது. கறியை நேராகத் தொட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல முடிகிற கருவியாக இருந்தால்தான் அதைப் பைக்கு மேலேயும் வைக்கலாம்.

புதிதாக வாங்கிய பட்டறைச் சுத்தியானால் பரவாயில்லையா என்று பலர் கேட்கிறார்கள். அழுக்குப் பிரச்சினை போகும். கறுப்பு ரப்பரின் சேர்மானமும் கைப்பிடி இடைவெளியும் அப்படியேதான் இருக்கும். பூச்சில்லாத, இணைப்பில்லாத புது மரக் கொட்டாப்புளியை முதல் நாளிலிருந்தே சமையலறைக்கென்று ஒதுக்கினால் எனக்கு மறுப்பில்லை, ஈரத்தில் ஊறவிடாத கைகள் அங்கே இருக்கும் பட்சத்தில்.

கருவி உடைந்தால் என்ன செய்வது என்று தங்கையின் சமையலறையில் எழுதி வைத்தது எதுவும் இல்லை. அதனால் பரபரப்பில் கைக்குக் கிடைத்ததை எடுத்தார். இப்போது குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: கறி தட்டும் தட்டு இல்லையென்றால் கத்தியால் திற, சின்ன வாணலியால் அழுத்து. பட்டறைக் கதவின் அந்தப் பக்கம், புதுக் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிய ரப்பர் சுத்தி ஆணியில் தொங்குகிறது. டேப் சுற்றியது தங்கை.